திரைக்குப் பின்னால் ஒரு கைநாட்டு

சென்ற வாரம் கணேஷையும் வசந்தையும் பற்றிப் பேசினோம். தமிழ் வாசகர்கள் மிகவும் நேசித்த அந்த இரு கற்பனை வழக்கறிஞர்களைப் படைத்த சுஜாதா, தொழிலால் பொறியியலாளர். சட்டத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு பெண்மணி பேனாவைக் கையில் எடுத்தால் கதைக்குள் புதிதாக என்ன பிரவேசிக்கிறது என்று இந்த வாரம் விசாரிக்க எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துடனேயே அவிநாசியிலிருந்து சேவூருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, இடக்கைக் கட்டைவிரலில் ஒட்டியிருந்த நீல மையைச் சேலைத் தலைப்பால் துடைப்பதும், அது போகாததைக் கண்டு மறுபடி துடைப்பதுமாக இருந்தார். எந்த நிலம், யார் பேருக்கு என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்? பையன் வெக்கச் சொன்னான், வெச்சேன்" என்றார்.

அந்தப் பையன் உத்தமராகவே இருக்கலாம்; அவரைச் சந்தேகிக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும் அந்த விரலைப் பார்த்ததும் எனக்குக் கார்னீலியா ஸொராப்ஜியின் நினைவு வந்தது.

1866-ஆம் ஆண்டு நாசிக்கில், கிறிஸ்தவ மதம் தழுவிய ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. 1889-இல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று, 1892-இல் சிவில் சட்டப் பரீட்சை எழுதிய முதல் பெண்மணியானார். எழுதிய பரீட்சைக்குரிய பட்டமோ, பெண்களுக்குப் பட்டமளிப்பதில்லை என்னும் நியதியால், முப்பது ஆண்டுகள் கழித்து 1922-இல்தான் அவர் கைக்கு வந்தது. இந்திய நீதிமன்றங்களும் அவருக்கு எளிதில் கதவு திறக்கவில்லை. 1916-இல் ரெஜினா குஹா என்ற பெண்மணியின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் பெண் என்ற காரணத்துக்காகவே நிராகரித்தது. அத்தடை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நாடு முழுவதும் நீங்கியது.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1904-இல், வங்காளத்து 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' நிர்வாகத்தில் பெண்களுக்கான சட்ட ஆலோசகராக அவர் நியமனம் பெற்றிருந்தார். விதவைகளும் மைனர்களும் வாரிசாக நின்ற ஜமீன்களைச் சர்க்கார் பராமரித்த ஏற்பாடு அது. அந்நிய ஆடவர் முகம் காணாத அந்தப்புரத்து ஸ்திரீகளுக்குச் சொத்து இருந்தது. ஆனால் அதைப் பற்றி வக்கீலிடம் நேரில் ஒரு வார்த்தை பேச வழியில்லை. காரியஸ்தர் திரைக்கு அப்பாலிருந்து காகிதத்தை நீட்டுவார். உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அடையாளமிடும். அது யாருடைய கை, அந்தக் கையை இயக்கியது யாருடைய மனம் என்பதே வழக்கு. 'பர்தா நஷீன்' பெண்ணின் பத்திரத்தால் பயனடைகிறவரே, அது அவளுக்குப் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, அவள் உணர்ந்து சம்மதித்தாள் என்று நிரூபிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்ஸில் வகுத்த விதி இங்கிருந்துதான் எழுந்தது. எழுத்தறிவில்லாத முதிய பெண்களுக்கும் நம் நீதிமன்றங்கள் பின்னர் இப்பாதுகாப்பை விரித்தன. நான் கண்ட மூதாட்டியும் அதன் நிழலில் வருபவரே.

துப்பறியும் கதை பெரும்பாலும் 'செய்தவர் யார்?' என்று கேட்கும். ஸொராப்ஜியின் தொழிலோ, எல்லோரும் பார்க்கச் செய்யப்பட்ட காரியத்தின் உள்ளே மறைந்திருந்த சித்தத்தைத் தேடியது. 1901-இல் வெளியான 'பர்தாவுக்குப் பின்னால் காதலும் வாழ்வும்' முதல், 1934-இல் வந்த 'இந்தியா அழைக்கிறது' என்னும் சுயசரிதை வரை அவர் எழுதியவற்றில் இந்தத் தேடலே ஓடுகிறது. குற்ற நாவல் என்று பெயரிட்டு அவர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்தப்புரத்துப் பீதியையும், தாயாதிகளின் பகையையும், பேச அஞ்சும் மௌனத்தையும் அவர் சித்திரித்த பாங்கு, மனோதத்துவ மர்மக் கதையின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டது. அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடன்று. காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார்; மிஸ் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' என்ற நூலுக்கு ஆதரவு காட்டினார். அதனாலேயே நம் தேசம் அவரை மறந்தது. அந்த மறதி நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்திய பிரான்ஸஸ் ஃபைஃபீல்ட், 1988-இல் வெளியிட்ட முதல் நாவலிலேயே கொலைக்குக் கூலி கொடுத்தவள் இன்னாள் என்று வாசகனுக்குத் தெரிவித்துவிடுகிறார். ஒரு வழக்கறிஞர் மீது வெறிகொண்ட செல்வச் சீமாட்டியின் நெஞ்சமும், அதை நிரூபிக்க முடியுமா என்ற தவிப்புமே மீதிக் கதை. ஸொராப்ஜியின் வாழ்வை ஆதாரமாகக் கொண்டு சுஜாதா மாஸி 2018-இல் எழுதிய 'மலபார் ஹில்லின் விதவைகள்' நாவலிலோ, 1921-ஆம் வருஷத்துப் பம்பாயில், மூன்று பர்தா விதவைகள் தம் சொத்தைத் தானமாக விட்டுக்கொடுத்த கடிதத்தின் கையொப்பங்களைக் கண்டு ஒரு பெண் வழக்கறிஞர் ஐயுறுவதில் மர்மம் தொடங்குகிறது. ஆனால் மாஸி பத்திரிகையாளர், வக்கீல் அல்லர்.

வக்கீலே எழுதுவதென்றால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வழக்கு முடிந்த பின்னும் அவர் வெளியிடலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு விதித்தது. இன்றைய சட்டமும் அவ்வாறே விதிக்கிறது. ஆகவே எழுதும் வக்கீல் பெயரையும் ஊரையும் சம்பவத்தையும் முற்றிலும் மாற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிய பின் மிஞ்சுவது, தாம் கண்ட மனத்தின் இயல்பு ஒன்றே.

எங்கள் பகுதியில் அத்தகைய மனங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம் தருவதாகச் சொன்ன நூற்பாலைத் தாளில் கையெழுத்திட்ட இளம்பெண் அதில் கண்டதை அறிந்தாளா? பனியன் கம்பெனியில் கணக்கு முடித்ததாக ரசீது கொடுத்தவள் மனமொப்பிக் கொடுத்தாளா? அவிநாசியிலும் திருப்பூரிலும் கறுப்பு அங்கி அணிந்து, இக்கேள்விகளை நாள்தோறும் கேட்கும் சகோதரிகளே, வழக்குக் கட்டுகளை மூடி வைத்த பின் இரவில் ஒரு நாழிகையாவது உட்கார்ந்து எழுதுங்கள். படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.