மரத்த கையை மறைக்காதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்ணின் கையைக் கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டரை விரல்கள் விடாமல் அமுக்குகின்றன. மணிக்கட்டு மடங்கியபடியே இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம் இதே வேலை.

முதலில் அடிபடுவது மணிக்கட்டின் குறுகிய வழியில் ஓடும் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரி தூக்கம் கலையும். கையை உதறினால் சற்று இதமாக இருக்கும். டாக்டர்கள் 'கார்பல் டனல்' என்பது இதைத்தான். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் ஆபத்து கூடுதல்.

கைவலி வந்த எல்லோருக்கும் வேலை போவதில்லை. கூலி போய்விடுமே என்று தைலம் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டுவதும், பீஸ் ரேட்டில் கையை ஆற்ற நேரமில்லாததும், சிகிச்சை முடிந்து வந்தவரை மறுபடி அதே இடத்தில் உட்கார வைப்பதும்தான் பலரை வீட்டுக்கு அனுப்புகின்றன. தொடக்கத்திலேயே டாக்டரிடம் வந்தால் இரவில் மணிக்கட்டுப் பட்டையும் வேலை மாற்றமுமே பலருக்குப் போதும். கட்டைவிரல் அடிச்சதை வற்றி, பிடித்த டம்ளர் நழுவும் கட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பிடி முழுதாகத் திரும்பாமல் போகலாம். கம்பெனிக்காரர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை: செக்கிங், மடிப்பு, பிசிறு என்று ஆளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள்.

சிகிச்சைக்கும் விடுப்புக்கும் வழி உண்டு: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உரிமை. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கும் வேலையால் வந்த நோய்க்கும் 90 சதவீதம். அதற்கு இந்த 78 நாள் கணக்கு கிடையாது.

இங்கேதான் அநியாயம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் கார்பல் டனல் உண்டு. இஎஸ்ஐ பட்டியலில் இல்லை. அதனால் வேலையால் வந்த நோய் என்று நிரூபித்து 90 சதவீதம் வாங்குவது கடினம். தொழிற்சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். டாக்டரிடம் 'கை வலிக்குது' என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.