மூன்று சக்கரமும் இடக்கைக் கிளச்சும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டிகளுள் பெரும்பாலானவை, நான்கு முன்கியரும் ஒரு பின்கியரும் கொண்ட பஜாஜ் ஆர்ஈ வகையைச் சேர்ந்தவை. இவற்றில் இடக்கையால் கிளச்சை இழுத்துப் பிடித்தபடி அதே கையின் பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். வலக்கை எக்சிலேட்டரையும் வலக்கால் பிரேக்கையும் கவனித்துக்கொள்கின்றன. விமானப் பொறியாளராயிருந்த கொராடினோ டஸ்கானியோ 1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வடிவமைத்த வெஸ்பா ஸ்கூட்டரில் இடம்பெற்ற இந்த ஏற்பாடு, 1948இல் அதன் மூன்று சக்கர வடிவமான அப்பே வண்டிக்கு வந்தது. அந்நிறுவனத்தின் அனுமதியோடு 1971 வரை வெஸ்பாவைத் தயாரித்த பஜாஜும் இதே வழக்கத்தைத் தொடர்ந்தது.

சக்கரம் நின்றாலும் எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால், இரண்டுக்கும் இடையிலான பிடிப்பை வேண்டும்போது விடுவிக்கவும் வேண்டும்போது சேர்க்கவும் கிளச் என்ற உறுப்பு தேவைப்படுகிறது. இந்த வேலை முழுவதும் ஓட்டுபவரின் கையில் இருந்தால் அது கையியக்கக் கியர் முறை. கிளச்சின் வேலையை இயந்திரமே செய்ய, எந்தக் கியர் என்பதை மட்டும் ஓட்டுபவர் தீர்மானித்தால் அது அரைத் தானியங்கி முறை. இரண்டையும் இயந்திரமே பார்த்துக்கொண்டால், இன்றைய ஸ்கூட்டிகளைப் போல, முழுத் தானியங்கி முறை.

அரைத் தானியங்கி முறை இலங்கையருக்குப் புதியதன்று. ஹொண்டா சி90, எம்டி90 ஆகிய சிறிய மோட்டார் சைக்கிள்களில் கிளச் நெம்புகோலே கிடையாது. உணவுப் பொதியை ஒரு கையில் ஏந்திச் செல்லும் பணியாள் மறு கையால் மட்டுமே ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்தவை இவை. எஞ்சினின் வேகம் கூடும்போது உள்ளிருக்கும் சிறு எடைகள் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுக் கிளச்சைச் சேர்க்கின்றன, வேகம் குறைந்தால் தாமே விலகிவிடுகின்றன. காலால் கியரை மிதிக்கும்போது அந்த மிதியே கிளச்சையும் விடுவித்துவிடுகிறது.

மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் கையியக்கம், அரைத் தானியங்கி ஆகிய இரு முறைகளையும் அருகருகே வைத்து வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் வெளியிட்ட கேன்-ஆம் ஸ்பைடர். முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்கள் அமைந்த அவ்வண்டியின் எஸ்எம்5 வகை கையியக்கம். எஸ்ஈ5 வகையில் இடக்கை விரல்களால் ஒரு நெம்பியைத் தட்டினால் எண்ணெய் அழுத்தம் கியரை மாற்றிவிடும், வேகம் குறைகையில் ஓட்டுபவர் மறந்தாலும் வண்டி தானாகவே கீழ்க்கியருக்கு இறங்கிவிடும்.

இந்த ஒப்பீட்டில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. இரு சக்கர வண்டியை நடைவேகத்தில் சாயாமல் நிறுத்திவைப்பதற்குக் கிளச்சை அரைகுறையாகப் பிடித்து விடும் வித்தை உதவுகிறது. தேர்ந்த ஓட்டுநர்கள் கைக்கிளச்சை விட மனமில்லாதிருப்பதற்கு அதுவே முதன்மைக் காரணம். மூன்று சக்கர வண்டியோ நின்றாலும் சாய்வதில்லை. ஆகவே, கைக்கிளச்சின் மிகப் பெரிய பயன் மூன்றாவது சக்கரம் வந்தவுடனேயே பாதி போய்விடுகிறது. கரையோர நிலம் தட்டையானது என்பதால் ஏற்றத்துக்காகக் கியர் மாற்றும் தேவையும் இங்கு அரிது. அதற்கு மாறாக, ஏ4 நெடுஞ்சாலையில் பள்ளிக்கூடம் விடும் வேளையிலும் ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியேறும் வேளையிலும் நின்று நின்று நகரும்போது சாரதியின் இடது மணிக்கட்டே நோகிறது. இவ்வளவையும் பார்த்தால், கல்முனைக்கு உரியது அரைத் தானியங்கியே என்று தோன்றும்.

ஆனால் கடற்கரை ஒழுங்கைகளுக்குள் திரும்பியதும் கணக்கு மாறுகிறது. மூன்று பயணிகளோடு மணலில் புதைந்த வண்டியைக் கிளப்ப, எஞ்சினை எவ்வளவு முடுக்குவது, கிளச்சை எவ்வளவு விடுவது என்பதைக் கையே அளந்து தர வேண்டியிருக்கிறது; எடைகளால் இயங்கும் கிளச் அவ்விடத்தில் வழுக்கிச் சூடேறும். இதைவிடப் பெரிய காரணம் பழுதுபார்ப்பு. கையியக்க வண்டியில் கைப்பிடிக்கும் பின்புற எஞ்சினுக்கும் இடையே இருப்பவை சில கம்பிக் கேபிள்கள் மட்டுமே. உப்புக்காற்றில் அவை துருவேறுவது உண்மைதான், எனினும் எந்தச் சிறிய கராஜிலும் அவற்றை மாற்றிவிடலாம். நெம்புகோலை இழுக்கத் தொடங்கும்போது சில மில்லிமீற்றர் தளர்வு இருக்க வேண்டும்: தளர்வு மிகுந்தால் கிளச் முழுதாக விடாமல், நியூட்ரல் விழுவது கடினமாகி, நின்ற இடத்திலேயே வண்டி முன்னே ஊரும், தளர்வே இல்லாவிட்டால் தட்டுகள் வழுக்கித் தேய்ந்து கருகும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் பழகிய கையும் போதும். எஸ்ஈ5 போன்ற ஏற்பாட்டுக்கோ மின்னணுக் கட்டுப்பாடும் எண்ணெய் அழுத்தமும் அவற்றைச் சோதிக்கும் கருவியும் வேண்டும். பேட்டரி இறங்கினால் அவ்வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. நாள் வாடகையை நம்பிப் பிழைப்பவருக்கு, வசதியைவிட, பழுதான அன்றே மீண்டும் ஓடக்கூடிய வண்டிதான் பெறுமதியானது.

எரிபொருள் விடயத்திலும் கையியக்கம் தாழ்ந்ததன்று. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை முறை வந்தபோது ஒரு முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல் என்று வரையறுக்கப்பட்டது. அத்தகைய காலத்தில், தாழ்ந்த கியரில் எஞ்சினை அலறவிடாமல் உரிய நேரத்தில் மேல்கியருக்குப் போவது சாரதியின் வருமானத்தையே தொடுகிறது.

ஆகவே வாடகைக்கு ஓட்டுபவர் கையியக்கத்தோடு இருப்பதே இன்றைக்கு நியாயம். மணிக்கட்டு வலியுள்ளவரும் குடும்பத் தேவைக்காக மட்டும் ஓட்டுபவரும் வேறு வழி தேடுவதில் தவறில்லை. அந்த வழி அரைத் தானியங்கியாக அன்றி, மின்சார வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நின்ற நிலையிலேயே முழு இழுவிசையைத் தரக்கூடிய மின்மோட்டாருக்குக் கிளச்சே தேவையில்லை. பஜாஜின் மின்சார முச்சக்கர வண்டியான ஆர்ஈ ஈ-டெக் 9.0இல் இரண்டு கியர்கள் உண்டு என்றாலும், அவற்றைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.