எங்களைத் தாண்டியும் அவளுக்கு ஒரு வழி வேணும்

பலேர்மோவில் வளர்ந்த எங்களில் கனபேர் சின்ன வயதிலேயே வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்கள்தான். அம்மாவோடு டொக்டரிட்ட, அப்பாவோடு குவெஸ்தூராவுக்கு என்று நானும் போயிருக்கிறேன். அதில் எனக்கு விளங்கின ஒரு விஷயம்: நடுவில் நிற்கிறவர் சொல்லாமல் விட்டது அடுத்த பக்கம் போய்ச் சேராது.

இப்ப நாங்கள் பெற்றோர். காது கேளாத, பேச்சு வராத, அறிவு வளர்ச்சி தாமதமான பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவளுக்கும் நாங்கள்தான் குரல். அன்பால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவளுக்குத் தீங்கு செய்கிறவர் எங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவராக இருந்தால், அவள் யாரிடம் சொல்வாள்?

சென்னை அயனாவரத்தில் 2018இல் வெளிவந்த வழக்கு நினைவிருக்கும். கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி, தான் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே மாதக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு ஆளானாள். கைதான 17 பேரும் அங்கே காவல், லிஃப்ட், குழாய் வேலை என்று தினமும் கண்ணில் பட்ட ஆட்கள். அவள் கடைசியில் தன் அக்காவிடம் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2020இல் நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவள் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

இது ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. இத்தாலியின் புள்ளிவிபர நிறுவனமான இஸ்தாத் 2014இல் நடத்திய ஆய்வின்படி, வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்கள் 31.5 வீதம். கடுமையான இயலாமை உள்ளவர்களில் அது 36.6 வீதம். பாலியல் வல்லுறவு அல்லது அதற்கான முயற்சி என்று பார்த்தால், இயலாமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு.

காரணம் அவர்களின் உடல்நிலை மட்டும் இல்லை. குளிக்க வார்க்கிறவர், மருந்து தருகிறவர், காசை வைத்திருக்கிறவர் எல்லாம் ஒரே ஆளாக இருந்தால் அவரை எதிர்த்துப் பேச முடியாது. பேசினாலும் "அவளுக்கு என்ன விளங்கும்" என்று தட்டிவிடுவோம். "வெளியில தெரிஞ்சா மற்றப் பிள்ளையளின்ர கலியாணம்" என்ற பயம் வேற.

வீட்டுக்குள் பூட்டி வைத்தால் இந்த ஆபத்து போகாது. அவளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுக்க வேணும். உடல் உறுப்புகளின் சரியான பெயரை அவளுடைய மொழியில், சைகையில், படத்தில் பழக்குங்கோ. மாமா கட்டிப்பிடிக்க வரும்போது அவள் வேண்டாம் என்றால், அந்த வேண்டாமுக்கு வீட்டில் மதிப்பு இருக்கட்டும். வீட்டிலேயே செல்லாத "வேண்டாம்" வெளியில் எப்படிச் செல்லும்?

பாடசாலையில் வருடாவருடம் அவளுக்கு 'பெயி' எனப்படும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள். அந்தக் கூட்டத்தில் கணக்கு, வாசிப்பைப் பற்றி மட்டும் கதைக்காமல், உடல் பாதுகாப்பையும் ஓர் இலக்காகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ. இத்தாலிய சைகை மொழியை அரசு 2021இல் அங்கீகரித்திருக்கிறது. பிள்ளையோடு நீங்களும் படிக்கலாம்.

18 வயதானபின் அவளுடைய உதவிப்பணம் அவள் பெயரில், அவள் அறிய இருக்கட்டும். தனியாக முடிவெடுக்க இயலாவிட்டால், 2004இல் வந்த சட்டத்தின்படி நீதிமன்றம் ஓர் உதவி நிர்வாகியை நியமிக்கும். நீதிபதி குறிப்பிட்ட விஷயங்களில் மட்டும்தான் அவருக்கு அதிகாரம். மற்ற உரிமைகள் அவளிடமே இருக்கும்.

வன்முறை நடந்தால் 1522 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இலவசம். பேச முடியாதவர்கள் அதில் சாட் மூலம் எழுதலாம். அவசரம் என்றால் 112. பலேர்மோவில் லே ஒன்தே என்ற அமைப்பு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிறது. கலியாணம் கட்டி வந்து கணவனின் சொஜ்ஜோர்னோவை நம்பியிருக்கும் பெண்களும் பயப்படத் தேவையில்லை. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள் தங்கள் பெயரிலேயே வதிவிட அனுமதி பெற, 2013இல் குடிவரவுச் சட்டத்தில் 18-பிஸ் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

இந்தக் கிழமையே வீட்டில் இருந்து யோசித்துப் பாருங்கோ: நான் பக்கத்தில் இல்லாத நேரம், என்னைப் பற்றியே முறைப்பாடு என்றாலும், என் மகள் அதை யாரிடம், எப்படிச் சொல்வாள்? ஒரு பெயரும் வாயில் வராவிட்டால், நாங்கள் முதலில் தேட வேண்டியது அந்த ஆளைத்தான். குடும்பத்துக்கு வெளியிலும் ஒருவர் இருக்கட்டும்.