நாய் ஓடும் தரை, ஆள்காட்டி முட்டையிடும் தரை

பறவை வேட்டைக்கு நாய்களைப் பழக்க, அரசின் வனவிலங்கு நிலங்களிலேயே தனி இடம் ஒதுக்கும் வழக்கம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. இந்தியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டையல்ல. துரத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். ஏவிவிட்ட நாயிடமிருந்து முயல் தப்பிவிட்டாலும் குற்றம் குற்றமே. தண்டனை 3 ஆண்டு வரை சிறை. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு.

இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது எளிதல்ல. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் (இரண்டும் 1989), மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் (1998), தேர்த்தங்கல் (2010), சக்கரக்கோட்டை (2012) ஆகிய பறவைச் சரணாலயங்கள் எல்லாமே பாசனக் கண்மாய்கள். வேலி கிடையாது, கரைதான் ஊராருக்கு நடைபாதை. தண்ணீர் வற்றினால் உள்வாய் முழுக்க ஆடு மேயும். ஆட்டோடு கிடை நாயும் வரும்.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பியதும் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்றவை நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றி நிற்கும் தண்ணீர்தான் அவற்றுக்குக் காவல். மாசி, பங்குனியில் அது வற்றும்போது மரத்தடி வரை நாய் போய்விடும்; கீழே விழும் குஞ்சு பிழைக்காது. அதே நாட்களில் காய்ந்த தரையில் ஆள்காட்டிப் பறவை முட்டையிடத் தொடங்குகிறது. சிறு பள்ளம், அதில் மண்ணின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை வயிற்றுச் சிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாய் அதைக் கிளப்பி விரட்டிக்கொண்டே இருந்தால், நாயின் வாய் படாமலேயே முட்டைகள் வெயிலில் கெட்டுவிடும்.

மற்ற நாடுகளில் இதற்கு நாட்காட்டியே தீர்வாக இருக்கிறது. இங்கிலாந்தின் பொதுத் திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நாயை அழைத்துப்போகலாம். மிச்சிகனில் ஏப்ரல் 16 முதல் ஜூலை 7 வரை, ஒதுக்கிய இடங்களைத் தவிர வேறெங்கும் காட்டு உயிர்களைத் துரத்த நாயைப் பழக்கக் கூடாது. இராமநாதபுரத்துக்கு இந்த முறை பொருந்தாது. இங்கே மரத்துக் கூடுகளின் காலம் முடியும் முன்பே தரைக் கூடுகளின் காலம் பிறந்துவிடுகிறது. அது ஆவணி வரை நீள்கிறது. நாயை அவிழ்த்துவிடத் தோதான இடைவெளி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே இங்கே பிரிக்க வேண்டியது மாதத்தை அல்ல, இடத்தை.

நாயின் இயல்பும் இதையே சொல்கிறது. பாயிண்டர் போன்ற மேனாட்டுப் பறவை நாய்கள் மோப்பம் பிடித்து, பறவை இருக்கும் திசையைக் காட்டி நின்றுவிடும். நம்மூர் நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படியல்ல. கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடிப்பதே அவற்றின் குணம். அவற்றுக்கு ஓட்டம் தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கண்மாய் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த பட்டா நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, கயிற்றில் கட்டி இழுக்கும் துணிப் பொதியின் பின்னால் நாயை ஓடவிட்டால் போதும். தென்மாவட்டங்களில் சிவராத்திரியை ஒட்டி நாய்களோடு நடந்துவரும் பாரி வேட்டைக்கு வனத்துறை தடை சொல்கிறது. தடையோடு இந்த மாற்று வழியையும் நாய் வளர்ப்போருக்குக் காட்டுவது நல்லது.

தெருநாய்ப் பிரச்சினை வேறு. தனுஷ்கோடியில் 2025இல் 524.7 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கடற்கரையில் ஆமைகளும் முட்டையிடுகின்றன. மணலைத் தோண்டி முட்டை தின்னும் நாய்களுக்கு மீன் கழிவும் சுற்றுலாப் பயணிகள் எறியும் மிச்சச் சோறும் ஆதாரம். 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எனவே நாயை அப்புறப்படுத்துவதைவிடக் கழிவை அப்புறப்படுத்துவதே நடக்கக்கூடிய வழி. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் மிச்ச உணவைக் கரையில் போடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்மாய்க் கரையில் நாயோடு நடப்பவர்கள் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காமல் இருக்க வேண்டும்.