பர்மா உளுந்தும் சங்கரன்கோவில் கரிசலும்

சங்கரன்கோவில்ல ஒரு பலசரக்குக் கடையில் உளுந்து கேட்டேன். "நாட்டு உளுந்தா அண்ணாச்சி?" என்றதும் சிரித்தார். "பர்மா உளுந்து தம்பி. நாட்டு உளுந்து இந்த விலைக்குக் கட்டாது."

அன்றிலிருந்து ஒரு கேள்வி. ஊரைச் சுற்றி அத்தனையும் கரிசல் காடு. மானாவாரியில் உளுந்து, பாசி, கம்பு விளைந்த மண். நம்ம இட்லிக்கு ஏன் கடல் தாண்டி உளுந்து வரணும்?

இப்போது இந்தக் காடுகளில் நிறைய மக்காச்சோளம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வீரிய ரகச் சோளத்தில் மகசூல் அதிகம், வாங்க ஆள் இருக்கு. உளுந்துக்கு மகசூல் குறைவு, பறிப்புக் கூலி அதிகம். ஆதரவு விலை அறிவித்தாலும், அரசு பெருமளவில் கொள்முதல் செய்வது நெல்லையும் கோதுமையையும்தான்.

விலை ஏறினால் இறக்குமதிக் கதவு திறக்கும். 2021 மே மாதம் உளுந்து இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. அடுத்த மாதமே, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க மியான்மருடன் 5 ஆண்டு ஒப்பந்தம். வாங்குகிறவருக்கு நல்லது, விதைத்தவர் அடுத்த வருஷம் சோளத்துக்குப் போய்விடுவார்.

சரி, மியான்மர்க்காரன் வயிறு நிறைந்ததா? அங்கே உளுந்து பெரும்பாலும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யவே விளைகிறது. அதே நாட்டில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் உணவு நெருக்கடியில் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போர் முக்கியக் காரணம். ஆனாலும் கப்பலில் உளுந்து ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

பசிக்குக் காரணம் விளைச்சல் குறைவு மட்டுமில்லை என்று அமர்த்தியா சென் 1981-லேயே விளக்கினார். 1943 வங்கப் பஞ்சத்தில் அரிசி அறவே இல்லாமல் போகவில்லை. கூலிக்காரர்களால் வாங்க முடியவில்லை. இன்றும் உலகத் தானியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனம். ஐ.நா. கணக்கில் 2024-ல் பசித்திருந்தவர்கள் சுமார் 67 கோடி. காசு உள்ளவரின் கோழிக்குத் தீவனம் கிடைக்கிறது, காசில்லாத மனுஷனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

நம்ம ஊரில் ரேஷன் அரிசி பட்டினியைத் தடுத்திருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் (15-49 வயது) பாதிக்கு மேல் ரத்தசோகை.

2007 முதல் ரேஷனில் துவரம்பருப்பு மானிய விலைக்குக் கிடைக்கிறது. அதோடு உளுந்து, பாசி, கம்பையும் சேர்த்து, இந்தக் கரிசல்காட்டு ஆட்களிடமே ஆதரவு விலைக்கு வாங்கினால் என்ன? விளைவித்தவருக்கு விலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சத்து. அப்புறம் அண்ணாச்சி கடையில் நாட்டு உளுந்தும் விலை கட்டும்.