சினைப்பையில் கட்டி, வயிற்றிலும் நெஞ்சிலும் நீர்... புற்றுநோய்தானா? மெய்க்ஸ் சிண்ட்ரோம் என்றால் என்ன?

வயிறு வீங்குகிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர், நுரையீரலைச் சுற்றியும் நீர். ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 அளவும் அதிகம்.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் 'முற்றிய புற்றுநோய்' என்று குடும்பமே உடைந்துபோகும். டாக்டர்களும் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் அரிதாக, இது புற்றுநோயே இல்லாத மெய்க்ஸ் சிண்ட்ரோமாகவும் இருக்கலாம்.

அது என்ன?

சினைப்பையில் வரும் ஃபைப்ரோமா என்பது நார்த்திசுக் கட்டி. பொதுவாக இது மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. இந்தக் கட்டி உள்ளவர்களில் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் வயிறு, நெஞ்சு இரண்டிலும் நீர் கோர்க்கிறது. நெஞ்சில் பெரும்பாலும் வலது பக்கம்தான். அமெரிக்க மருத்துவர் ஜோ வின்சென்ட் மெய்க்ஸ், சக மருத்துவர் காஸுடன் சேர்ந்து 1937-ல் 7 பெண்களின் பாதிப்பை விவரித்தார். அதனால்தான் இந்தப் பெயர்.

எப்படி உறுதி செய்வது?

சிஏ-125 அதிகம் என்றாலே புற்றுநோய் எனச் சொல்லிவிட முடியாது. காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றிலும் அது கூடும். கோர்த்த நீரை எடுத்து புற்றுநோய் செல்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பரிசோதித்த பிறகே உறுதியாகத் தெரியும்.

சிகிச்சை என்ன?

கட்டியை அகற்றுவதுதான். ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியின் ஒரு துண்டை லேபில் சோதிக்கும் 'ஃப்ரோசன் செக்‌ஷன்' முறை இதில் முக்கியம். சாதாரணக் கட்டி எனத் தெரிந்தால், குழந்தை பெற விரும்பும் பெண்களுக்கு கருப்பையையும் மற்றொரு சினைப்பையையும் காப்பாற்றலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு இரண்டையும் சேர்த்து அகற்றுவதும் உண்டு.

நீரை மட்டும் வெளியேற்றினால் மறுபடியும் சேரும். கட்டியை எடுத்துவிட்டால் சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும்.

கவனிக்க வேண்டியது

இதே அறிகுறிகளுக்குப் பல நேரம் புற்றுநோயே காரணமாக இருக்கும். அதனால் 'சாதாரணக் கட்டிதானே' என்று தள்ளிப்போடக் கூடாது. அதேபோல, ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று சிகிச்சையைக் கைவிடவும் கூடாது. வயிறு உப்புசம், மூச்சுத்திணறல், அடிவயிற்று வலி சில வாரங்களாகத் தொடர்ந்தால் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.