கடப்பாவில் கடுகு கிடையாது!

"வளையலைக் கழற்றிட்டு வாங்கக்கா!"

காவிரிப் படுகையில் இருக்கும் அந்தச் சின்னச் சமுதாய வானொலி நிலையத்தில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்குக் காலை நிகழ்ச்சி. மைக்குக்கு வளையல் ஆகாது, கொலுசு ஆகாது, மொடமொடக்கும் பட்டுப்புடவை சுத்தமாக ஆகாது. எழுதிக்கொண்டு வந்த தாளில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் உடனே பிடுங்கிவிடுகிறார்கள். பக்கம் புரட்டினால் சரசரக்கும். தனித்தனித் தாளாக இருந்தால் ஓசைப்படாமல் ஓரமாக நகர்த்திவிடலாம். மின்விசிறியும் நிற்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கன்சோலில் ஒரு தம்பி. இந்தப் பக்கம் மைக் முன்னால் தொகுப்பாளர் பெண். மூலையில் ஒரு முக்காலியில், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நான். சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வருகின்றன!

இரண்டு மணி நேரத்துக்குள் பாட்டு, விருந்தினர், சமையல், சிந்தனை எல்லாம் வந்துபோக வேண்டும். வீட்டில் கேட்கிறவர்களுக்கு அது பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே அத்தனையும் சைகையில் நடக்கிறது. தம்பி ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் "சீக்கிரம் முடிங்க" என்று பொருள். இரண்டு கைகளையும் அகட்டி அகட்டி இழுத்தால் "அடுத்தது தயாரில்லை, இன்னும் கொஞ்சம் பேசுங்க." அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, குரலில் துளி மாற்றம் இல்லாமல், ஆற்றில் தண்ணீர் வந்த கதையை இன்னும் அரை நிமிடத்துக்கு நீட்டினார் பாருங்கள், எழுந்து கைதட்டத் தோன்றியது. கைதட்டவும் கூடாதே!

பாட்டு ஓடும் நான்கு நிமிடங்கள்தான் உண்மையான திருவிழா. ஃபேடர் இறங்கி மைக் மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். விருந்தினர் வந்தாச்சா? காபி குடிச்சாரா? ஐயா பெயருக்கு முன்னால் என்ன போட்டுச் சொல்லணும்? பாட்டின் கடைசிச் சரணம் நெருங்கும்போது தம்பி கையை உயர்த்துகிறார். சட்டென்று அமைதி. மறுபடி விளக்கு.

இது பெரிய நிலையம் அல்ல. சமுதாய வானொலிக்கு அரசு பொதுவாக அனுமதிக்கும் ஒலிபரப்புத் திறன் 100 வாட்தான். கோபுரமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. குரல் போய்ச் சேர்வது சுற்றுவட்டாரத்தில் 10, 15 கிலோமீட்டர். இந்தியாவின் முதல் சமுதாய வானொலியே நம் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியதுதான். 2006 வரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் இருந்தது. பிறகுதான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்பது விதி. எனக்கு இந்த விதி மேல் கொள்ளை ஆசை. இதனால்தான் சினிமாப் பாட்டுக்கு நடுவே, வயல் வரப்பில் நின்று பதிவுசெய்த நடவுப் பாட்டு வருகிறது. பாடிய அம்மா இடையில் "ஏய், அந்த நாத்து முடியை இப்படிப் போடு" என்று பக்கத்து ஆளை அதட்டுவதும் சேர்ந்தே வருகிறது. அதை வெட்டவே இல்லை!

அன்றைய விருந்தினர் சீவாளி கட்டும் பெரியவர். நாதஸ்வரம் என்றால் நரசிங்கம்பேட்டை (அதற்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது), சீவாளி என்றால் திருவாவடுதுறை. ஆச்சா மரத்தில் எவ்வளவு அழகாகக் கடைந்தாலும், உச்சியில் கெண்டை என்ற குழலில் செருகும் சீவாளி என்ற அந்த நாணல் துண்டு இல்லாவிட்டால் நாதஸ்வரம் வாய் திறக்காது. பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே விரல்நுனி அளவில் வரிசையாகச் சீவாளிகள். "காஞ்ச சீவாளி பேசாதும்மா" என்று ஒன்றை வாயில் போட்டு ஈரமாக்கிக்கொண்டார். தட்டையை எப்படிப் பதம் பார்ப்பது, எப்படி அவிப்பது, எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது, எப்படி நூல் சுற்றுவது என்று அவர் சொல்லச் சொல்ல, தொகுப்பாளர் குறுக்கே கேள்வியே கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்ததுதான் அவருடைய திறமை.

பிறகு, "ஐயா, வெறும் சீவாளியை மட்டும் ஊதிக் காட்டுங்களேன்" என்றார்.

பீஈஈ!

கன்சோலில் அளவுமானி ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. தம்பி பாய்ந்து ஃபேடரை இறக்கினார். வெளியே வராந்தாவில் படுத்திருந்த நாய் குரைக்கத் தொடங்கியது. பெரியவர் பொக்கைவாய் தெரியச் சிரித்தார். அத்தனை சின்னத் துண்டுக்குள்தான் நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் முழுக்கப் புகுந்து வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்போது சமையல். ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டுடியோவுக்குள் அடுப்பே கிடையாது. சுவர் முழுக்க ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பலகை. அங்கே யார் நெருப்பு மூட்டுவது? விடிவதற்கு முன்பே பின்கட்டில் சமைத்து, கைப்பதிவுக் கருவியை வாணலிக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். சமையல் அக்கா நேரலையில் பேசும்போது, சரியான இடத்தில் தம்பி அதைச் சேர்க்கிறார். அன்றைக்குக் கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, இறக்கியபின் எலுமிச்சை பிழிவது. இட்லிக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

தகராறு தாளிப்பில். வானொலிக்குக் கடுகு வெடிப்பதைப் போன்ற சத்தம் வேறில்லை என்பது தம்பியின் கட்சி. அக்கா மசியவில்லை. "கடப்பாவுக்குப் பட்டை, பிரிஞ்சி இலை, வெங்காயம். கடுகு கிடையாது. உன் சத்தத்துக்காக நான் ஊர்ச் சமையலை மாத்த முடியாதுப்பா." அக்காதான் வென்றார். வெங்காயம் எண்ணெயில் விழுந்த ஓசை ஹெட்போனில் மழை பெய்வதைப் போலவே கேட்டது. அளவுகளை அக்கா இரண்டு முறை சொல்கிறார். முதல் தடவை பென்சில் தேடுகிறவர்களுக்கு, இரண்டாவது எழுதிக்கொள்கிறவர்களுக்கு. இந்தக் கரிசனத்தை எந்தச் சமையல் வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

சிந்தனைப் பகுதிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வருகிறார். தென்கச்சி கோ.சுவாமிநாதன் வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்லிப் பழக்கிய செவிகளுக்கு முன்னால் பேசுவது எளிதா? கதையை அவர் சிரிக்காமல் சொல்ல, ஊரே சிரிக்கும். டீச்சர் அந்தப் பாணியைத் தொடவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேத்தியிடம் பேசும் குரல். முதல் நாளே எழுதி, வாசித்து நேரம் பார்த்து, வரி வரியாகக் குறைத்திருக்கிறார். பிசகவே முடியாது, ஏனென்றால் அடுத்து வருவது செய்தி. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம். ஆகாசவாணி யாருக்காகவும் காத்திருக்காது. தம்பியின் விரல்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து, நான்கு, மூன்று என்று மடங்க, டீச்சர் கடைசிச் சொல்லை வைத்தார். ஒரு நொடி மிச்சம்! எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம்.

எட்டு மணிக்கு விளக்கு அணைந்ததும் தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேருக்குக் கசகசா அளவு வேண்டும். ஒரு பையன் மட்டும் சீவாளித் தாத்தாவைக் கேட்டான். நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறானாம்; ஊதினால் காற்று மட்டும்தான் வருகிறதாம். பெரியவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஊதிக் காட்டுடா பார்ப்போம்." காற்று வந்தது. "சீவாளியை நனைச்சியா? உதட்டை உள்ள மடி. பல்லு படக் கூடாது. இப்ப ஊது." மறுபடி காற்று. மறுபடி. பிறகு, கீச்சென்று, கோணலாக, ஒரு சுரம்!

தம்பி அதற்குள் பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தார். பையனின் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டார்கள். அடுத்த வாரக் காலை நிகழ்ச்சியில் முதல் ஒலியே அதுதான். அந்த 15 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஆறு மணிக்கு ரேடியோவைத் திருப்பிவிடுங்கள்.